பின்பக்கம் தாழ்ந்த ஜீப்: வில்லுத் தகடு மாற்றுவதற்கு முன்

மீள்குடியேறிய கிராமங்கள் சிலவற்றில் இப்பொழுதும் ஒரு பழைய பெரிய ஜீப்பைக் காணலாம். 1990 களில் வன்னி வீதிகளில் நிவாரணப் பணிக்கென ஓடிய வெள்ளை நிற ரொயோட்டா லாண்ட் குறூசராக அது இருக்கலாம். கொழும்பிலே யாரோ பாவித்துக் கைமாறிய மிற்சுபிசி பஜிரோவாகவோ நிசான் பற்றோலாகவோ இருக்கலாம். நிறம் மங்கி, பின் இருக்கைகள் கழற்றப்பட்டு, கமக்காரர் அமைப்பின் பொறுப்பிலோ ஒரு குடும்பத்தின் பொறுப்பிலோ நிற்கும். விதைநெல் வயலுக்குப் போவதும், கத்தரியும் பயிற்றையும் சந்தைக்குப் போவதும், நடுச்சாமத்தில் பாம்பு கடித்தவரோ பிரசவ வலி கண்டவரோ வைத்தியசாலைக்குப் போவதும் அதிலேதான். சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பமுடியாமல், உறவினர் வளவில் இருந்துகொண்டு தூரத்திலே குத்தகைக்கு வயல் செய்யும் குடும்பங்களுக்கு இப்படியான வாகனம் கையும் காலும் போன்றது.

புதிதாக ஒன்று வாங்குவோம் என்றால் அது நடக்கிற காரியமா? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 இலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையிலே 2022 இன் பொருளாதார நெருக்கடியும் வந்தது. பழைய வாகனங்களின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்படிப்பட்ட ஜீப்பில் முதுமை முதலில் வெளியே தெரிவது வில்லிலேதான். பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்துவிடும். இரவிலே விளக்கு வீதியில் விழாமல் பனை வட்டைத் தேடும். பள்ளத்தில் விழும்போது இரும்போடு இரும்பு முட்டும் சத்தம் கேட்கும். உடனே எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு.

“தம்பி, பின்னுக்கு நல்லா இருந்திட்டுது. இன்னொரு பிளேட் போட்டுவிடுமன்.”

“போடலாம் ஐயா. எத்தனை மூட்டை ஏத்திறியள் எண்டு முதல் சொல்லுங்கோ.”

கராஜில் இப்படித் திருப்பிக் கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். இக்கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியதே.

வில்லின் வேலை

எமது பாட்டன்மாரின் மாட்டுவண்டிக்கு வில்லு இருக்கவில்லை. பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லையும் மாடும் மனிதரும் சேர்ந்தே அனுபவித்தார்கள். இங்கிலாந்தில் ஒபடையா எலியற் என்பவர் 1804 இல் குதிரை வண்டிகளுக்கு வளைந்த தகட்டு வில்லைப் பொருத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்று லொறியின் அடியில் நாம் காணும் தகட்டு அடுக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வில்லின் சட்டம் இன்னும் பழையது. றொபேட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் 1678 இல் அதை வெளியிட்டார். எவ்வளவு பாரம் வைக்கிறோமோ அந்த அளவுக்கு வில்லு அமரும். பாரம் இரட்டித்தால் அமர்வும் இரட்டிக்கும். சந்தையில் தொங்கும் வில்லுத்தராசு இந்தச் சட்டத்தில்தான் வேலை செய்கிறது. ஜீப்பின் பின்பக்கத்தையும் நாம் ஒரு பெரிய தராசாகப் பாவிக்கலாம். அதைப் பின்னால் செய்து பார்ப்போம்.

உங்கள் ஜீப்பில் என்ன வகை வில்லு உள்ளது என்பதை முதலில் குனிந்து பாருங்கள். 1980 முதல் 1990 வரை வந்த லாண்ட் குறூசர் 60 ஆம் வரிசைக்கு நான்கு சில்லிலும் தகடுதான். கிராமங்களில் அதிகம் உழைத்த கனரக 70 ஆம் வரிசை 1984 இல் தொடங்கியது. அதன் முன்பக்கம் 1999 இல் சுருள் வில்லுக்கு மாறியது. பின்பக்கம் இன்றும் தகடே. 1990 களில் வந்த 80 ஆம் வரிசைக்கு நான்கிலும் சுருள். 1991 இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பஜிரோவுக்குப் பின்னால் சுருள். முன்னால் வில்லே இல்லாததுபோல் தோன்றும், ஆனால் செசியோடு நீளமாக ஓடும் முறுக்குக் கம்பி ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. எங்கள் பக்கத்துப் பாதைக்கும் சுமைக்கும் தகடே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். சொகுசு குறைவு என்றாலும், ஒரு தகடு உடைந்தாலும் மற்றவை தாங்கி வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

தளர்ந்தது என்று எதைச் சொல்கிறோம்?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பழைய வில்லு பலம் குறைந்து மென்மையாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மை வேறு. ஒரு தகட்டு அடுக்கின் விறைப்பைத் தீர்மானிப்பவை தகட்டின் நீளம், அகலம், தடிப்பு, எண்ணிக்கை ஆகியவையே. உருக்கு முப்பது வருடம் கிழடானாலும் அதன் அடிப்படை விறைப்பு மாறுவதில்லை. மாறுவது வளைவு. இலட்சக்கணக்கான தடவை அமர்ந்து எழும்பி, அளவுக்கு மிஞ்சிய சுமையையும் பல தடவை தாங்கிய வில்லு, முன்பிருந்த உயரத்துக்குத் திரும்ப எழும்பாமல் நின்றுவிடுகிறது. அதாவது பழைய வில்லும் ஒரு மூட்டைக்கு முன்பு அமர்ந்த அளவேதான் அமர்கிறது. ஆனால் பள்ளத்திலிருந்து தொடங்குகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு துரு. தகட்டின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 7 மில்லிமீற்றர் தடிப்பான தகடு துருவிலே அரித்து 6.3 ஆனால் தடிப்பு 10 வீதமே குறைந்தது என்று தோன்றும். ஆனால் விறைப்பு 27 வீதம் போய்விடும். கடற்கரைக் கிராமங்களில் மீன்பெட்டி ஏற்றிய ஜீப் என்றால் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். உப்புநீர் வடிந்த இடங்களில் தகட்டின் நடுவிலே குழி குழியாக அரிப்பு இருக்கும். வெடிப்பு அந்தக் குழியிலிருந்துதான் தொடங்கும்.

இன்னொன்று. ஷொக் அப்சோபர் பாரம் தாங்குவதில்லை. வில்லு ஆடும் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் தொழில். பின்பக்கம் தாழ்ந்ததென்று புதிய ஷொக் வாங்கிப் போட்டுக் காசைக் கரைத்தவர்கள் பலர். வண்டி தாழ்ந்து நின்றால் வில்லு; ஒரு பள்ளத்தில் விழுந்தபின் மூன்று நான்கு தரம் தொட்டில்போல் ஆடினால் ஷொக். இரண்டும் ஒன்றாகவே பழுதடைந்திருப்பதும் வழமை.

அளந்து பாருங்கள்

ஒரு அளவு நாடா, ஒரு துண்டுக் கடதாசி, சமதரையான இடம். மடுவத்தின் சீமெந்துத் தளம் போதும். நான்கு ரயரிலும் காற்றைச் சரியாக நிரப்பி, சாமான்களை இறக்கி, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். சில்லின் நடுவிலிருந்து மேலேயுள்ள மட்காட்டின் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். ரயரின் உயரம் இந்தக் கணக்கில் சேராது என்பதால் நிலத்திலிருந்து அளப்பதைவிட இது நம்பகமானது. இடமும் வலமும் 10 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒரு பக்கத்தில் தகடு உடைந்திருக்கலாம்.

அடுத்து வண்டிக்கு அடியில், அச்சுக்கும் செசிக்கும் இடையில் தொங்கும் கறுத்த றப்பர் கட்டையைப் பாருங்கள். வில்லு முழுவதும் அமர்ந்தபின் அடி விழுவது அதிலேதான். வெறும் வண்டியில் அந்த றப்பருக்கும் அச்சுக்கும் எவ்வளவு இடைவெளி உண்டு என்று அளவெடுங்கள். றப்பர் நசிந்து, கிழிந்து, பளபளத்துக் கிடந்தால் அந்த ஜீப் நெடுங்காலமாக வில்லில் ஓடவில்லை, கட்டையில் ஓடுகிறது.

இப்பொழுது தராசு வேலை. நெல் மூட்டை ஒன்று 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். மொத்தம் 260 கிலோ. மட்காட் 40 மில்லிமீற்றர் இறங்கியது என்றால், ஒரு மில்லிமீற்றருக்கு 6.5 கிலோ. வெறும் வண்டியில் றப்பருக்கு இருந்த இடைவெளி 80 மில்லிமீற்றர் என்றால் 520 கிலோவில், அதாவது எட்டாவது மூட்டையில், வில்லு முடிந்து கட்டை தொடங்குகிறது. அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் செசியின்மேல் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். ஓடும்போது பள்ளத்துக்கென்று இடைவெளியில் பாதியாவது மிச்சம் வேண்டும் என்பதால், இந்த ஜீப்பின் உண்மையான சுமை நான்கைந்து மூட்டைதான்.

இவை உதாரண இலக்கங்கள். உங்கள் வண்டியின் இலக்கங்களை நீங்களே எடுக்கவேண்டும். ஆனால் கணக்கு காட்டும் பாடத்தைப் பாருங்கள். ஐந்து தகட்டோடு அதே தடிப்பில் ஆறாவது தகடு ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு 20 வீதம் கூடும். 6.5 கிலோ 7.8 ஆகும். அதே 80 மில்லிமீற்றர் இடைவெளிக்கு 624 கிலோ. அதாவது கூடுதலாகக் கிடைத்தது ஒன்றரை மூட்டை. ஆறாவது தகட்டைப் போடாமல், தாழ்ந்த வளைவை மட்டும் 40 மில்லிமீற்றர் மீட்டெடுத்தால் இடைவெளி 120 ஆகும். விறைப்பு மாறாமலே 780 கிலோ, பன்னிரண்டு மூட்டை, கட்டையைத் தொடுவதற்கு முன் தாங்கும். தேவைப்படுவது பெரும்பாலும் இழந்த உயரமே. வண்டியில் ஒரு தகடு கூட்டியதும் நிமிர்ந்து நிற்பதும் அந்தப் புதிய தகடு அதிகம் வளைந்திருப்பதாலேதான். ஆனால் புதிய தகடு ஒன்று சோர்ந்துபோன ஐந்தையும் தனியே தூக்கி நிறுத்துகிறது. சில மாதங்களில் அதுவும் அவற்றைப் போலாகிவிடும், இல்லையேல் உடையும்.

கம்மாலையா, கடையா?

மிகக் குறைந்த செலவில் தொடங்குவோம். அடுக்கைக் கழற்றித் தகடு தகடாகப் பிரித்து, கம்பித் தூரிகையால் துருவை எடுத்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றியும், கிளிப் பிடிக்கும் இடத்திலும், தாய்த் தகட்டின் சுருட்டிய காதிலும் வெடிப்பு உண்டா என்று தேடுங்கள். மண்ணெண்ணெய் பூசித் துடைத்து அதன்மேல் சுண்ணாம்புத் தூள் தடவினால், வெடிப்புக்குள் ஒளிந்த எண்ணெய் கசிந்து கோடு காட்டும். வெடிப்பில்லாத, அதிகம் அரிக்காத தகடுகள் என்றால் திரும்ப வளைக்கலாம்.

வளைக்கும் வேலையை எமது பகுதிக் கொல்லர்கள் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, சூடாக்காமல் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைப்பது. மலிவு, ஆனால் அந்த வளைவு நெடுநாள் நிற்பதில்லை. மற்றது, முழுத் தகட்டையும் சீராகச் சூடேற்றி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடேற்றி ஆறவிடுவது. வில்லு உருக்கில் ஏறத்தாழ 0.6 வீதம் கரி உண்டு. அதற்கு ஏறத்தாழ 850 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். எண்ணெயில் தோய்த்தவுடன் அது கண்ணாடிபோல் நொருங்கும் தன்மையில் இருக்கும். பின் 450 பாகை அளவில் பதமாக்கினால்தான் அது வில்லாகும். வெப்பமானி இல்லாத இடத்தில் காந்தம் ஒன்று உதவும். சிவந்த தகட்டில் காந்தம் ஒட்டாமல் போனதும், இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றினால் தோய்க்கும் பதம் வந்துவிடும். பதமாக்கும் இரண்டாவது சூடுதான் கடினம். அதைக் கண்ணால் மட்டிடுவதற்கு நல்ல அனுபவம் வேண்டும். ஐந்து தகட்டையும் ஒரேவிதமாகச் செய்யக்கூடிய கம்மாலை உங்கள் பகுதியில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அந்தச் செலவைச் சேர்த்துவைத்து முழு அடுக்கையும் மாற்றுவதே நல்லது.

ஒன்றைமட்டும் எந்தக் கொல்லரிடமும் கேட்கவேண்டாம். உடைந்த தகட்டை வெல்டிங் செய்வது. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மக்கள் நாங்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றைச் செய்து காட்டிய கைகள் எமது மெக்கானிக்குகளுடையவை. அதைப் பெருமையோடுதான் சொல்லவேண்டும். ஆனால் அந்தத் திறமை வில்லு உருக்கிடம் செல்லாது. ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் உருக்கின் பதம் எரிந்து, ஒரு பக்கம் நொருங்குவதாகவும் ஒரு பக்கம் மென்மையாகவும் போய்விடும். அடுத்த உடைவு அங்கேதான். அது நிகழும்போது வண்டியில் யார் இருப்பார்கள் என்பது எமக்குத் தெரியாது. நிறுத்திவைத்த வண்டியைக் காஸ் விளக்கால் சூடாக்கி வில்லை நிமிர்த்துவதும் இதே வகைதான்.

புதிய அடுக்கு வாங்குவதானால், வேறு வண்டியிலிருந்து கழற்றி வந்த றீகண்டிஷன் அடுக்கும் உண்டு, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் பாரத்துக்கென்றே செய்யப்பட்ட புதிய அடுக்கும் உண்டு. றீகண்டிஷன் வாங்கும்போது நீளம், அகலம், நடுப் பொல்ட் இருக்கும் இடம், இரண்டு காதுகளின் உள்விட்டம் ஆகியவற்றை உங்கள் பழைய அடுக்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு அடுக்கையும் நிலத்தில் கவிழ்த்து வைத்து வளைவின் உயரத்தைப் பாருங்கள். சோடியாக இல்லாவிட்டால் வாங்கவேண்டாம். சோர்ந்த வில்லைக் கழற்றிவிட்டுச் சோர்ந்த வில்லைப் போடுவதில் கூலி மட்டும்தான் செலவாகும்.

புதிய கனரக அடுக்கிலே வேறொரு பொறி இருக்கிறது. கடைக்காரர் 300 கிலோவுக்கு, 600 கிலோவுக்கு என்று தரம் தரமாகச் சொல்வார். கூடியதையே எடுப்போம் என்று மனம் போகும். அறுவடை நாட்களில் பன்னிரண்டு மூட்டை ஏற்றும் ஜீப், வருடத்தின் மற்ற மாதங்களில் வெறுமையாகவோ நாலு பேரோடோ ஓடுகிறது. 600 கிலோவுக்கென்று செய்த வில்லு வெறும் வண்டியில் அமராது, துள்ளும். கிறவல் பாதையில் பின் சில்லு நிலத்தை விட்டெழும்பி வளைவிலே வால் வீசும். தக்காளிப் பெட்டி சந்தைக்குப் போகுமுன் குழம்பாகும். நோயாளியைக் கிடத்திக் கொண்டுபோகிறவர்கள் அதை அதிகம் உணர்வார்கள். வருடத்தில் அதிக நாட்கள் எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அதற்கேற்ற வில்லை வாங்குங்கள். அறுவடைக்கு இரண்டு நடை அதிகமாக ஓடலாம், அல்லது உழவு இயந்திரப் பெட்டியை வாடகைக்குப் பிடிக்கலாம்.

சுருள் வில்லு உள்ள ஜீப்புகளில் வித்தை வேறு. சுருளின் விறைப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 10 வீதம் தடிப்பான கம்பி 46 வீதம் விறைப்பைக் கூட்டும். ஆகவே கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சுருள்கள் முற்றிலும் வேறாக நடக்கலாம். சுருளுக்கு அடியில் வைக்கும் தடித்த வளையம் உயரத்தை மட்டும் கொடுக்கும், விறைப்பைக் கொடுக்காது. உயரம் மட்டும் போயிருந்தால் அது நியாயமான மலிவு வைத்தியம். சுருளை வெட்டுவது கூடாது. எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் வில்லு 14 வீதம் விறைக்கும், ஆனால் வண்டி இன்னும் தாழும். இருக்கை தப்பிய சுருள் ஓட்டத்திலே வெளியே பாயவும் கூடும்.

காற்றுப் பையைப் பற்றி இங்கும் இப்பொழுது விசாரிக்கிறார்கள். சுருளுக்குள் வைக்கும் சிறிய பை, அளவோடு பாவித்தால் உதவும். தகட்டு வில்லுள்ள வண்டியில் அச்சுக்கும் செசிக்கும் இடையில் பையை வைத்து, வண்டி நிமிர்ந்துவிட்டதென்று மேலும் மேலும் ஏற்றியதால் செசியே வளைந்த இரட்டைக் கதவுப் பிக்கப் வண்டிகள் அவுஸ்திரேலியாவில் நன்கு அறியப்பட்ட விடயம். தகடு தன் சுமையை முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் செசிக்குக் கொடுக்கிறது. பையோ முழுவதையும் நடுவில் ஒரே இடத்தில் முட்டுகிறது.

நிமிர்ந்த வண்டிக்கு மறைந்த ஆபத்து

புதிய வில்லு போட்ட வண்டி, ஏற்றக்கூடிய சுமையைக் கூட்டிக்கொண்ட வண்டி அல்ல. உற்பத்தியாளர் குறித்த மொத்தப் பாரம் வில்லை மட்டும் பார்த்துப் போட்டதல்ல. அச்சு, பெயறிங், செசி, ரயர், எல்லாவற்றுக்கும் மேலாக பிறேக் ஆகியவற்றைப் பார்த்துப் போட்டது. தாழ்ந்து நின்ற வண்டி குறைந்தபட்சம் “இனிப் போதும்” என்று காட்டியது. நிமிர்ந்த வண்டி அதைக் காட்டாது.

லாண்ட் குறூசர், ஹைலக்ஸ் போன்ற பல வண்டிகளில் பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி செசியிலுள்ள ஒரு சிறிய வால்வுக்குப் போவதைக் காண்பீர்கள். சுமை ஏறிப் பின்பக்கம் தாழும்போது, பின் சில்லுகளுக்கு அதிக பிறேக் கொடுக்கும்படி அது சொல்கிறது. வெறும் வண்டியில் பின்பக்கம் உயர்ந்து நிற்கும்போது பின் பிறேக்கைக் குறைத்து, சில்லு இறுகிச் சறுக்காமல் காக்கிறது. புதிய வில்லால் பின்பக்கம் 50 மில்லிமீற்றர் உயர்ந்துவிட்டால், பத்து மூட்டை ஏற்றிய பின்பும் வண்டி வெறுமையாக இருக்கிறது என்றே அந்த வால்வு நம்பும். பின் பிறேக் குறைந்து, நிறுத்தும் தூரம் நீளும். ஏ9 வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது அது தெரியவரக் கூடாது. வில்லு மாற்றும்போதே அந்தக் கம்பியின் நீளத்தைக் கைநூலில் சொன்னபடி சரிசெய்யவேண்டும். எங்கள் பக்கத்துக் கராஜுகளில் பெரும்பாலும் மறந்துவிடுகிற வேலை இது; நீங்களாகக் கேளுங்கள்.

பிறேக் எண்ணெய் போகும் றப்பர்க் குழாயையும் பாருங்கள். வண்டியை ஜக் அடித்துச் சில்லு முழுவதும் தொங்கும்போது அந்தக் குழாய் இழுபடக்கூடாது. முன்பக்கம் சுருள் உள்ள 80 ஆம் வரிசையை 50 மில்லிமீற்றர் உயர்த்தினால் முன் அச்சின் சாய்வு மாறி, திருப்பிய ஸ்ரியறிங் தானாக நேருக்கு வர மறுக்கும். அதற்கென்று ஈடுசெய்யும் புஷ் உண்டு. விளக்கின் கோணத்தையும் புதிதாகச் சரிபார்க்கவேண்டும்.

கழற்றி மாட்டும்போது

ஜக்கை நம்பி வண்டியின் கீழே போகவேண்டாம். செசிக்குக் கீழே இருபக்கமும் தடித்த சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்கி, முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல்லு வைத்த பிறகே வேலை. அச்சுக்கு அடியில் இன்னொரு ஜக் வேண்டும். வில்லைக் கழற்றியதும் அச்சு விழுந்துவிடும். நசித்துப் பிடித்த சுருள் வில்லு இன்னும் ஆபத்தானது. மில்லிமீற்றருக்கு 2 கிலோ வீதம் விறைப்புள்ள சுருளை 150 மில்லிமீற்றர் அமர்த்திப் பிடித்தால், அதில் அடங்கியிருக்கும் சக்தி 23 கிலோக் கல்லொன்று ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் சக்திக்குச் சமம். கயிறாலும் கம்பியாலும் கட்டிப் பிடிக்கிற விளையாட்டு அல்ல.

பழைய யூ பொல்ட்டைத் திரும்பப் போடவேண்டாம். இறுக்கும்போது அது நீண்டு, அந்த இழுவிசையாலேதான் அடுக்கை அச்சோடு பிடிக்கிறது. ஒருமுறை நீண்டது மறுமுறை அந்தளவு பிடிக்காது. யூ பொல்ட் தளர்ந்தால் தகடுகள் நடுவிலே வளையத் தொடங்கும். துளை இருப்பதால் அதுவே பலவீனமான இடம். தகடு நடுத்துளையில் உடைந்த ஜீப்பைக் கண்டால் தளர்ந்த யூ பொல்ட்டைத் தேடுங்கள். நடுப் பொல்ட் அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி நாய் ஓடுவதுபோல் கோணலாக ஓடும்.

றப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிறீஸ் பூசக்கூடாது. றப்பர் ஊறிக் கெடும். தகடுகளுக்கு இடையில் கிராபைற் கலந்த கிறீஸை மெல்லிதாகத் தடவலாம். ஷக்கிள் பொல்ட்டுகளை வண்டி கட்டையில் நிற்கும்போது முழுவதும் இறுக்கவேண்டாம். கையால் மட்டும் பிடித்துவிட்டு, சில்லைப் பூட்டி, வண்டியை நிலத்தில் இறக்கி, ஒரு தடவை உருட்டி வில்லை அமரவிட்டபின் கடைசி இறுக்கு. தொங்கிய நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கும்போது புஷ் முறுகி, மாதங்களுக்குள் கிழிந்துபோகும். இந்த ஒரு வேலைக்காக மெக்கானிக்கோடு கொஞ்சம் வாக்குவாதப்பட்டாலும் பரவாயில்லை.

முதல் 500 கிலோமீற்றருக்குள் யூ பொல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். புதிய வில்லு முதல் சில வாரங்களில் சில மில்லிமீற்றர் அமர்வது இயல்பு. அதன் பின் சில்லு நடுவிலிருந்து மட்காட் வரையுள்ள நான்கு அளவுகளையும் திரும்ப எடுத்து, திகதியோடு வண்டிக்குள்ளேயே எழுதி ஒட்டிவிடுங்கள். சாரதி மாறினாலும் அந்தத் துண்டு இருக்கும்.

கழற்றிய பழைய தகடுகளைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிடவேண்டாம். கத்திக்கும் கோடரிக்கும் கொல்லர் தேடும் உருக்கு அதுதான். அவரிடம் கொடுத்தால் இரண்டு நல்ல கத்தியாவது திரும்பி வரும். உடைந்த தகடு என்றால் உடைந்த இடத்துக்கு இருபக்கமும் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் அந்த இடத்தில்தான் இருக்கும்.